விரல் நழுவும் சத்தம்

முதலில் நான் சண்டைக்குப் போனது இங்கிலாந்துப் பாட்டுக் குழு ஒன்றோடுதான். அவர்களுடைய முதல் ஆல்பத்தைப் பல வருடம் கழித்து மெருகேற்றி மறுபடி வெளியிட்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் போனில் அதன் வீடியோவைப் போட்டுக் கேட்டேன். நான்காவது பாட்டு வந்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதில் இருந்த ஒரு சத்தத்தைக் காணோம். கிட்டாரில் ஒரு பிடியிலிருந்து அடுத்த பிடிக்குக் கை மாறும்போது, எஃகுக் கம்பிமேல் விரல் நழுவி 'கீச்' என்று வருமே, அந்தச் சத்தம். சுத்தம் செய்கிறேன் என்று எவனோ துடைத்து எடுத்துவிட்டான் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அந்த வீடியோவுக்குக் கீழே எழுதிப் போட்டேன்: "ஏன் விரல் சத்தத்தை எடுத்தீர்கள்? அதற்காகத்தானே கேட்கிறோம்?"

அப்போது நெய்வேலியில் சுரங்கத்திலிருந்து நிலக்கரி கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாகப் பதினான்கு வருடம் முடித்திருந்தேன். பெர்மனென்ட் லிஸ்டில் இந்தத் தடவை என் பேர் வரும் என்று பேச்சு இருந்தது. அதற்குத்தான் நானும் என் மனைவியும் கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்தோம். அந்த நேரத்தில் மனிதன் சண்டை போட வேண்டிய ஆட்கள் எத்தனையோ பேர் இருக்க, நான் போய் இங்கிலாந்துக்காரனைப் பிடித்துக்கொண்டேன்.

ஆல்பத்தின் பேரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் போய்க் கேட்பீர்கள். கேட்டுவிட்டு வந்து இதில் என்ன இருக்கிறது என்று என்னிடமே கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லைதான். இரண்டு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ், சளி பிடித்தவன் பாடுகிற மாதிரி ஒரு குரல், பதினோரு பாட்டு. ஐடிஐ படிக்கும்போது வடலூரில் ஒரு பழைய சாமான் கடையில் சீடியாகக் கிடைத்தது. டவுன்ஷிப்பில் யாரோ ஒரு ஆபீசர் ரிடையர் ஆகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது கழித்துக் கட்டிய மூட்டையில் இருந்திருக்க வேண்டும். அட்டையில் ஆள் படம் இல்லை. மழையில் நனைந்த முற்றத்தில் ஒரு சமையலறை நாற்காலி, அவ்வளவுதான். நாற்காலியை ஏன் நனைய விட்டார்கள் என்று யோசித்துக்கொண்டே எடுத்து வந்தேன்.

குழுவில் இருந்த நால்வரும் எங்களைப் போல நிலக்கரி தோண்டுகிற ஊர்க்காரர்கள் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அப்படி இல்லை. ஏதோ கடற்கரை ஊராம், பிஸ்கட் கம்பெனி ஒன்று இருந்ததாம். பாட்டின் வார்த்தைகளையே நான் ரொம்ப நாள் கழித்துத்தான் படித்துப் பார்த்தேன். பஸ்ஸைத் தவறவிடுவது, ஈரத் துணி காயாமல் இருப்பது, வீட்டு வாடகையைப் பற்றி அம்மா புலம்புவது. நம் ஊர் டீக்கடையில் பேசாத விஷயம் ஒன்றுகூட இல்லை. அதனால் ஒன்றும் ஏமாற்றமில்லை. வார்த்தைக்காக நான் கேட்டதும் இல்லை.

நான் கேட்டது பிசகுகளுக்காக. ஒரு நண்பனின் தோட்டக் கொட்டகையில் அவசரமாகப் பதிவு செய்தார்களாம். தப்பு வந்தால் திரும்ப வாசிக்க நேரம் இல்லை. இரண்டாவது பாட்டில் டிரம்ஸ்காரன் ஒரு அடி முந்திவிடுவான், மற்ற மூன்று பேரும் ஓடிப்போய் அவனைப் பிடிப்பார்கள். ஏழாவது பாட்டின் முடிவில் யாரோ மூக்கை உறிஞ்சுவான். நான்காவது பாட்டில் தொடக்கத்தில் ஒரே ஒரு கிட்டாரும் குரலும்தான். அங்கேதான் அந்த விரல் சத்தம், மற்றவர்கள் வந்து சேர்வதற்குள் பதினேழு தடவை. எனக்கு ஒவ்வொன்றும் மனப்பாடம். இரண்டாவது ஆல்பத்தில் அவர்களுக்கு நல்ல ஸ்டூடியோ கிடைத்துவிட்டது. ஒரு பிசகும் இல்லை. அரைமணி நேரம் கேட்டேன், எடுத்து வைத்துவிட்டேன்.

இந்தப் பழக்கத்தால் எனக்கு ஒரு வித்தை வந்தது. நாலு சத்தம் ஒன்றாக வந்தாலும் காதால் ஒன்றைத் தனியே பிரித்து எடுத்துவிடுவேன். கன்வேயரில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் இது வித்தை என்றே தெரிந்தது. பெல்ட்டுக்கு அடியில் வரிசையாக நூற்றுக்கணக்கில் உருளைகள் ஓடும். எல்லாம் சேர்ந்து ஊளையிடும். அதில் எங்கேயோ ஒன்றில் பேரிங் வறண்டுபோயிருக்கும். அதைக் கண்டுபிடிக்காவிட்டால் சூடேறிப் பெல்ட்டையே கெடுத்துவிடும். மற்றவர்கள் ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். நான் நடந்துகொண்டே போய், "இது" என்று கையைக் காட்டுவேன். அந்த மொத்த ஊளைக்கும் மேலே மெல்லிசாக ஒரு கீச்சு எனக்கு மட்டும் கேட்கும். டிரைவ் ஹெட் என்று சொல்கிற, மோட்டாரும் கியர் பாக்ஸும் இருக்கிற முனையில் சந்தேகம் வந்தால் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பேன். வேறு செக்ஷனிலிருந்துகூட வந்து கேட்பார்கள், "காதுக்காரர் எந்த ஷிப்ட்ல இருக்காரு?"

காதுக்காரர். ஒப்பந்தத் தொழிலாளிக்கு டோக்கன் நம்பர்தான் பேர். எனக்கு மட்டும் ஒரு பட்டம் கிடைத்தது. அந்தப் பெருமையில்தான் கெட்டேன். காதில் வைக்க ஆரஞ்சு நிறத்தில் பஞ்சுத் தக்கை கொடுப்பார்கள், மாட்டச் சொல்லி எழுதியும் வைத்திருப்பார்கள். வலது காதில் வைப்பேன். இடது காதுத் தக்கையைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன், கேட்க வேண்டுமே. கொஞ்ச நாளில் வலது பக்கமும் பைக்குப் போயிற்று. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. யாரையும் குறை சொல்ல இதில் இடமில்லை.

என் கமெண்டுக்கு நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. யாரோ ஒரு ஆள் மரியாதையாகவே எழுதியிருந்தார். எதையும் எடுக்கவில்லை, நண்பரே, விரல் சத்தம் முன்னைவிடத் தெளிவாகத்தான் கேட்கிறது, ஹெட்போனை மாற்றிப் பாருங்கள் என்று. மாற்றினேன். கூட வேலை பார்க்கிறவனின் ஹெட்போனைக் கடன் வாங்கினேன். கேட்கவில்லை. இரண்டு மூன்று வருடமாகப் போடாத பழைய சீடியைத் தேடி எடுத்து, பக்கத்து வீட்டு டிவிடி பிளேயரைக் கேட்டு வாங்கி வந்து போட்டேன். அதிலும் இல்லை. சரி, சீடி தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். சீடி தேயாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அப்படித்தான் முடிவு கட்டினேன்.

வார லீவு நாள் ஒன்றில், மத்தியான நேரம். என் மனைவி கூடத்தில் உட்கார்ந்து பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் காடாம்புலியூர்ப் பெண், பலாக்கொட்டை இல்லாமல் அவளுக்குக் குழம்பு ஆகாது. இந்த ஆல்பத்தைப் பன்னிரண்டு வருடமாக 'நொய் நொய் பாட்டு' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, போனில் பாட்டை வைத்து, இயர்போனில் ஒன்றை அவள் காதில் மாட்டினேன்.

"நடுநடுவுல விரல் வழுக்குற மாதிரி ஒரு சத்தம் வருதா பாரு. வந்தா விரலத் தூக்கு" என்றேன்.

"என்னாங்க வெளயாட்டு இது? கையெல்லாம் கறையா இருக்குது" என்றாள். ஆனாலும் கேட்டாள். கொஞ்ச நேரத்தில் ஆள்காட்டி விரலைத் தூக்கினாள். இறக்கினாள். மறுபடி தூக்கினாள். இடது காது இயர்போன் என் காதில் இருந்தது. எனக்குக் கிட்டாரும் குரலும் மட்டும் கேட்டன. நான் அவள் விரலைப் பார்த்து எண்ணிக்கொண்டே இருந்தேன். சரியாக, வர வேண்டிய இடத்திலெல்லாம், பதினேழு.

"கீச்சு கீச்சுன்னு வருதே, அதானுங்களே? நல்லாத்தான் கேக்குது" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்குக் கேக்கலிங்களா?"

"கேக்குது" என்றேன்.

அவள் இயர்போனைக் கழற்றி முறத்தில் வைத்தாள். கொட்டையை உரிக்கவில்லை. "ரெண்டு வருசமா பாத்துக்கினுதான் இருக்கேன். குக்கரு கூவுது, நீங்க பக்கத்துலயே உக்காந்துக்கினு இருக்கீங்க. வாசல்லேருந்து கூப்புட்டா திரும்ப மாட்டேங்குறீங்க. எம்மேல கோவம்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள். "என்னா கோவம், நாம என்னா தப்பு பண்ணிட்டோம்னு தெனமும் யோசிப்பேன்."

இரண்டு வருடம். வருத்தம் வர வேண்டும், வரவில்லை. கை மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கிள்ளிப் பார்த்தேன். பிறகு எழுந்துபோய் டிவிடி பிளேயரைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரமே லிஸ்ட் வந்தது. என் பேர் இருந்தது. கூட வேலை பார்க்கிறவன், எனக்கு ஹெட்போன் கொடுத்தவன், அவன் பேரும் இருந்தது. எல்லோரும் கையைக் குலுக்கினார்கள். உடல் தகுதிச் சான்றிதழ் கொடுத்தால் ஆர்டர் வந்துவிடும். ரத்தம், கண், எக்ஸ்ரே, பிறகு காது. காதுக்கு எங்களை வடலூரில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போகச் சொன்னார்கள்.

"உண்மையச் சொல்லிடுங்க" என்றாள் என் மனைவி. "சத்தமில்லாத எடமா பாத்துப் போட மாட்டாங்களா?"

"உள்ள இருக்கறவனுக்குக் காது போனா வேற எடம் போடுவாங்க. நான் இன்னும் உள்ளயே போகலியே. காது கேக்கலன்னு தெரிஞ்சா லிஸ்ட்லேருந்து பேர எடுத்துட்டு அடுத்தவன் பேர சேர்ப்பாங்க."

"அப்ப தெரியக் கூடாதுங்குறீங்க."

"ஆமா."

"தெரியாம எப்டிங்க? மெசினு சொல்லிடாதா?"

மெஷின் சொல்லிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் எனக்கு இரண்டு நாள் முன்னதாக, ஹெட்போன் கொடுத்த அந்த நண்பனுக்கு முறை வந்தது. அவன் காதில் ஒரு குறையும் இல்லை. சும்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். என் விஷயத்தை அவனிடம் மட்டும் சொல்லியிருந்தேன். மறுநாள் பெல்ட் நின்றிருந்த நேரத்தில் என் முகத்துக்கு நேராக வந்து நின்று சொன்னான்.

"கண்ணாடி வச்ச சின்ன ரூம்ல உக்கார வைப்பாங்கடா. சத்தம் விடும்போதெல்லாம் மெஷின்ல ஒரு செவப்பு லைட் எரியும். டெஸ்ட் பண்றவங்க மெஷின அவங்க பக்கமா திருப்பித்தான் வச்சிருப்பாங்க, நமக்குத் தெரியாது. ஆனா அவங்களுக்குப் பின்னாடி செவுத்துல ஒரு படம் மாட்டியிருக்கு பாரு, அந்தப் படக் கண்ணாடியில லைட் தெரியுது. எரிஞ்சா அமுக்கு, அணைஞ்சா விடு. எல்லாத்தையும் அமுக்கித் தொலைக்காத, ரெண்டு மூணு விட்டுரு."

பதினான்கு வருட வேலையில் எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாக ஒரு வேலையைச் சொல்லிக்கொடுத்ததில்லை.

நான் கிளினிக்குக்குப் போன அன்று காலையிலேயே கூட்டம். அங்கே இருந்த பெண் என்னை "சார்" என்றாள். எங்களை யாரும் சார் என்பதில்லை, அதனால் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். நல்ல பெண். எவ்வளவு சன்னமாகக் கேட்டாலும் பட்டனை அமுக்குங்கள், அவசரம் வேண்டாம் என்று பொறுமையாகச் சொன்னாள். ஹெட்போனை மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அப்படி ஒரு அமைதியான இடத்தில் நான் உட்கார்ந்து ரொம்ப நாளாகியிருந்தது. அமைதி என்றாலும், காதுக்குள் ஒரு ரீங்காரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அது வெளியிலிருந்து வருகிற சத்தம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுவரில் படம் இருந்தது. வெள்ளைத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு நிற்கிற அடிகளார், வடலூரில் எல்லாக் கடையிலும் இருக்கிற அதே படம். அவர் மார்புப் பக்கத்தில் சிவப்பாக ஒரு பொட்டு எரிந்தது. அமுக்கினேன்.

முதலில் வந்தவை தடித்த சத்தங்கள், அவை உண்மையாகவே கேட்டன. சுருதி மேலே போகப் போக ஒன்றும் இல்லை. சிவப்பு எரிந்தது, அமுக்கினேன். அணைந்தது, விட்டேன். எரிந்தவுடன் அமுக்கினால் சந்தேகம் வரும் என்று அரை அடி தள்ளி அமுக்கினேன். தாளம் எனக்குத் தெரியும். இரண்டை வேண்டுமென்றே விட்டேன்.

நடுவில் ஒரு தடவை கண்ணை மூடினேன். உண்மை எவ்வளவு என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. இருபது வரை எண்ணினேன். ரீங்காரத்தைத் தவிர ஒன்றும் வரவில்லை. சரி, அவள் இன்னும் சத்தம் விடவில்லை போல என்று நினைத்துக் கண்ணைத் திறந்தேன். சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அமுக்கினேன். அதற்குப் பிறகு முடியும் வரை கண்ணை மூடவில்லை.

"ரொம்ப நல்லா வந்திருக்கு சார்" என்று தாளை நீட்டினாள். "இவ்ளோ சத்தத்துல வேல செய்யறவங்களுக்கு இப்படி வர்றதே அதிசயம். பத்திரமா பாத்துக்குங்க."

வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தேன். போண்டா சாப்பிட்டேன். நெய்வேலி பஸ் வந்தது, உட்கார இடமும் கிடைத்தது. டவுன்ஷிப் வளைவு வரும் வரையிலும் வெட்கம் வரவில்லை. வீட்டுக்குப் போய்த் தாளை மனைவியிடம் கொடுத்தேன். அதில் கோடுகள் அழகாக, மேலேயே, நேராகப் போயின. அவள் கோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எப்படி என்று கேட்கவில்லை.

ஒரு மாதத்தில் ஆர்டர் வந்தது. காலை பதினோரு மணிக்கு ஆபீசில் வாங்கிக்கொண்டேன். நண்பனை ஸ்டோருக்குப் போட்டிருந்தார்கள், ஃபேன் சத்தம் மட்டும் கேட்கிற இடம். எனக்கு டிரைவ் ஹெட்டேதான், இருப்பதிலேயே சத்தமான இடம். "உன்ன மாதிரி காது உள்ள ஆளு அங்கதான் வேணும். ரிப்போர்ட்டும் அவ்ளோ நல்லா இருக்கு" என்று அதிகாரி முதுகில் தட்டினார். பரவாயில்லை என்றுதான் நினைத்தேன். இன்னும் இருபது வருட சர்வீஸ் இருக்கிறது. அதற்குள் மிச்சமும் போய்விடும். அதைக் கணக்குப் போடத் தெரியாதவன் இல்லை நான். மரத்துப்போன ஆளுக்கு இது ஒரு சௌகரியம், எதையும் நேராகப் பார்த்துவிடலாம். வழியில் இனிப்பும் ஒரு முழம் மல்லிகையும் வாங்கினேன்.

வீட்டில் அவள் சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டிப் பாத்திரம் கழுவும் தொட்டி முன்னால் நின்றிருந்தாள். குழாய் திறந்திருந்தது. வாசற்படியிலேயே நின்று சொன்னேன். "ஆர்டர் வந்துடுச்சு. பெர்மனென்ட். எடம் மட்டும் அதே டிரைவ் ஹெட்டுதான்."

அவள் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் தோள்கள் இரண்டும் குலுங்கின. அவள் சிரித்தால் அப்படித்தான், சத்தத்தைவிட உடம்புதான் அதிகம் சிரிக்கும். பன்னிரண்டு வருடக் காத்திருப்பு, சிரிக்காமல் என்ன செய்வாள்? எனக்கும் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு என்னிடம் ஏதோ ஒன்று அசைந்த மாதிரி இருந்தது.

"பாத்தியா, நான் சொன்னேன்ல" என்றேன். முதலில் காடாம்புலியூருக்குப் போய் உங்க அப்பாவுக்கு இனிப்பு கொடுக்கலாம் என்றேன். குவார்ட்டர்ஸுக்கு நம் பேரிலேயே எழுதிப் போடலாம், கொய்யாமரம் இருக்கிற வீடாகக் கேட்கலாம் என்றேன். அவள் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. நானும் சிரித்துக்கொண்டே, இனிப்புப் பெட்டியின் நூலைப் பிரித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தேன். யாரிடமும் அவ்வளவு பேசி எத்தனையோ மாதமாகியிருந்தது.

அவள் குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். முகம் முழுக்க ஈரம். கண் வீங்கியிருந்தது. உதடுகள் ஏதோ சொல்லின. எனக்குக் கேட்கவில்லை. என்ன என்று கேட்டேன். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள்.

"அழுதுக்கினு, இருக்கேங்க" என்றாள். "நீங்க வந்ததுலேருந்து, சத்தமா, அழுதுக்கினு இருக்கேன். பக்கத்து வூட்டு அக்காகூட, சன்னல்ல, எட்டிப் பாத்துட்டுப் போவுது. நீங்க சிரிச்சிக்கினு நிக்கிறீங்க."

என் முகத்துக்கு நேராக, நான் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள். அதற்காக அவள் அழுகையை அடக்க வேண்டியிருந்தது. அப்போதுதான், கிள்ளிக் கிள்ளிப் பார்த்தும் மரத்துக் கிடந்த அந்த இடத்தில், எனக்கு உறைத்தது.